மூன்றாம் நாள் பால்

முதல் நாள் நான் சொன்னது தப்பு.
"சின்ன வயசுதானே திலகா, அடுத்தது பொறக்கும்."
அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
கொண்டுபோன மீகூன்
பிளாஸ்டிக் பைக்குள்ளேயே வியர்த்துக் கிடந்தது.

மறுநாள் போகவில்லை.
ஆலைச் சங்கு இரண்டு முறை ஊதியது.
செம்பனை லாரிகள் தாமான் முனையில் திரும்பும்போதெல்லாம்
எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் அதிர்ந்தது.
அதற்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை.

அதற்கும் மறுநாள் குணசீலன் வந்து நின்றான்,
சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தான்.
"அக்கா, அவளுக்குப் பால் வந்திருச்சு,"
எதையோ திருடிவிட்டவன் போல.

பால் வரும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
பிள்ளை இல்லை என்று
உடம்பிடமும் யாரும் சொல்லவில்லை.

ஐஸ்பெட்டியில் பாதி கோபிஸ் இருந்தது.
இலை இலையாகப் பிரித்தேன்.
பழைய கைலியைக் கிழித்து
சில்லென்று மார்போடு வைத்துக் கட்டினேன்.
இந்த முறை வாயைத் திறக்கவில்லை.
இலை சூட்டில் வாடும், மாற்றுவேன்.
வாடிய இலையில் வெந்த வாசம்.

நாலாவது இலைக்கு அவளே கேட்டாள்,
"அவளப் பாக்கிறீங்களா?"

மிஸ்ஸி ரொஹானா எடுத்து அனுப்பிய படம்.
பச்சைத் துணி, மூடிய கண்,
குணசீலனுடைய அதே மடங்கிய காது.
"முடி எவ்வளவு பாருங்க."
பார்த்தேன். எவ்வளவு முடி.
"பேரு?"
"யாழிசை." இன்னொரு தரம், மெல்ல, "யாழிசை.
ரெண்டு கிலோ எழுநூறு."

பாரத்தில் அந்தப் பேருக்குக் கட்டம் இல்லையாம்.
திலகேஸ்வரியின் குழந்தை, அவ்வளவுதான், மேலே ஒரு முத்திரை.
ஆறாங்கட்டை இடுகாட்டுக்கு
அவனும் தம்பியும் மட்டும் போயிருக்கிறார்கள்.
"பெட்டி கனமே இல்லக்கா," என்றான் சோற்றைப் பிசைந்தபடி.
பார்த்தவர்கள் எல்லாரும் அவனிடம்
அவள் எப்படி இருக்கிறாள் என்றே கேட்டிருந்தார்கள்.
அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

தவணைக்கு எடுத்த குழந்தைக் கட்டிலை
மகனின் வேனில் ஏற்றி ஆ செங் கடையில் இறக்கினேன்.
கட்டியிருந்த நூற்றிருபது ரிங்கிட்டையும்
எண்ணி நீட்டினார். காரணம் கேட்கவில்லை.
ஊசி தேதி சொல்ல கிளினிக்கிலிருந்து அழைத்தபோது
நான்தான் எடுத்தேன்.
இரண்டு மொழியிலும் சொன்னேன்.

நேற்று கோயில் வாசலில் ஒருத்தி:
"ஒனக்கு எத்தன பிள்ளைங்க?"
திலகா என்னைப் பார்த்தாள்.
நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு," என்றாள்.

"கூட்டிட்டு வரலயா?"

மழை இறங்கத் தொடங்கியிருந்தது.
குடையை விரித்து அவள் கையில் கொடுத்தேன்.