வியாழன், ஐந்து மணிக்குள்

அரசியல் துறையின் வார அறிக்கையைப்
பதினெட்டு வருடமாக நான்தான் அடிக்கிறேன்.
இரண்டே தலைப்பு: செய்திகள், வாய்ப்புகள்.
மேலே வேல்ஸ் மொழி, கீழே ஆங்கிலம்.
சட்டம் அப்படி.
கடற்காகங்களுக்குச் சட்டம் கிடையாது.
ஜன்னல் விளிம்பில் நின்று
ஒரே மொழியில் கத்திவிட்டுப் போகின்றன.

செய்திகள்.
முனைவர் கெதின் ப்ரோதெரோவின் நூல் வந்துவிட்டது.
எல்லைகளைப் பற்றியது; விலை எண்பத்தைந்து பவுண்டு.
அவர் அக்கா ஒன்று வாங்கினாராம்.
நூலகம் யோசிக்கிறது.
'மக்கள் ஏன் வாக்களிக்க வருவதில்லை' கருத்தரங்கு
ஆள் சேராததால் தள்ளிவைப்பு.
மின்தூக்கி இன்னும் பழுது.
நெரிஸ் தன் சக்கர நாற்காலியில்
தரைத்தளத்து வெந்நீர்க் குழாயை ஒட்டி அமர்ந்து
மூன்றாம் மாடியில் நடக்கும் அதிகாரம் பற்றிய வகுப்பைக்
கைபேசியில் கேட்கிறாள்.
அவளைப் பற்றி எழுதவில்லை.
மின்தூக்கியைப் பற்றி எழுதினேன்.

வாய்ப்புகள்.
கார்டிஃபில் ஓர் உறுப்பினர் அலுவலகத்தில் ஆறு வாரப் பயிற்சி:
சம்பளம் இல்லை, மதிய உணவு உண்டு,
எங்கே தூங்குவது என்று சொல்லவில்லை.
மால்டோவாவில் தேர்தல் பார்வையாளர் வேலை:
கம்பளி உடுப்பு அவரவர் பொறுப்பு.
முனைவர் பட்ட உதவித்தொகை ஒன்றே ஒன்று,
'ஏமாற்றத்தின் அரசியல்' என்ற பொருளில்.
போன வருடம் நூற்றுப் பதினாறு பேர் விண்ணப்பித்தார்கள்.
நூற்றுப் பதினைந்து பேருக்கு
வருத்தத்துடன் தெரிவித்தது நான்.
அந்தப் பொருளில் எனக்கும் கொஞ்சம் தேர்ச்சி உண்டு.

மூன்றே முக்காலுக்கு
மேலிடத்திலிருந்து ஒரு பத்தி வந்தது.
'எலினெட், இதையும் சேர்த்துவிடவும்.'
விருப்ப விலகல் திட்டம்.
தம் அடுத்த பயணத்தைத் தாமே தேர்ந்துகொள்ளப்
பணியாளர்களுக்கு அரிய தருணம்.
துறைவாரி விவரம் இணைப்பில்.

இணைப்பைத் திறந்தேன்.
அரசியல், அலுவலகம்: இரண்டு, அம்புக்குறி, ஒன்று.
இரண்டு என்றால் நானும் டிலிஸும்.
டிலிஸ் அப்போது
கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்,
இருவருக்கும் போதுமான அளவு.

செய்தியா, வாய்ப்பா?
எதன் கீழ் போடுவது என்று யாரும் சொல்லவில்லை.
இரண்டு தலைப்புக்கும் நடுவே
கர்சர் இமைத்துக்கொண்டிருந்தது.
வாய்ப்பு என்கிறார்கள்.
வாய்த்தது என்றால் சரி,
ஒப்புக்கொள்ளலாம்.

ப்ரோதெரோ முதல் வருடப் பிள்ளைகளிடம் சொல்வார்:
ஆணையிடுகிறவன் பெரிய ஆள் இல்லை,
பெயர் வைக்கிறவன்தான்.
அந்தத் தாளை வருடாவருடம் நூறு நகல் எடுக்கிறேன்.
சூடாக வெளியே வரும்;
அடுக்கி, ஓரம் தட்டி, பின் அடிப்பதோடு சரி.

நாலரைக்கு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.
கீழே, ஆங்கிலத்தில்,
அவர்கள் பத்தியை அப்படியே ஒட்டினேன்,
அரிய தருணம், பயணம், ஒரு காற்புள்ளி குறையாமல்.
மேலே, எங்கள் மொழியில்,
மேலிடத்தில் ஒருவருக்கும் வாசிக்க வராத மொழியில்,
மின்தூக்கிக்கு அடுத்த வரியாக எழுதினேன்:
இந்த அலுவலகத்தில் இரண்டு பேர் இருக்கிறோம்.
ஒருவரை அனுப்பப் போகிறார்கள்.
யாரென்று நாங்களே சொல்ல வேண்டுமாம்.

டிலிஸ் இரண்டு கோப்பையோடு வந்து
என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.
மேலே இருப்பதைப் படித்தாள்.
கீழே இருப்பதைப் படித்தாள்.
மறுபடி மேலே போனாள்.
வெளியே அலை உடைவது கேட்டது,
அல்லது குப்பை வண்டி.

'அனுப்ப என்ற சொல்லுக்கு
ஓர் எழுத்து கூட இருக்கிறது' என்றாள்.

எடுத்தேன்.
ஐந்துக்கு நான்கு நிமிடம் இருந்தது.
சர்க்கரை போட்ட கோப்பை எது என்று கேட்டேன்.
தெரியவில்லை என்றாள்.
அனுப்பினேன்.