சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டம்

பெயர்: மாதங்கி ரெங்கசாமி.
அதுவரை தடையில்லை.
அடுத்து, நிறுவனம்.
தலையில் சிவப்பு நட்சத்திரம்,
காலியாக விட்டால் நகராது.

'இல்லை' என்று தட்டினேன்.
செல்லாத பதில் என்றது.
'சுயேச்சை' என்றேன்.
எந்தத் தொகுதி என்று கேட்காததுதான் குறை.
கடைசியில் உள்ளதைச் சொன்னேன்:
புளோக் 347ஏ, ஈசூன்.
ஏற்றுக்கொண்டது.
துறை?
ஒன்பதாம் மாடி.

பகலில் பல் மருத்துவரிடம்
நேரம் குறித்துக் கொடுப்பவள் நான்.
இரவு பத்தரைக்கு மேல்
ஒரு முக்காலி, ஒரு டார்ச், பதினான்கு மாடிகள்,
நூற்று அறுபத்தெட்டு விளக்குகள்.
குழல்விளக்கைக் கழற்றி எல்இடி மாட்டிய பிறகு
சிலந்திகள் வலையை எங்கே மாற்றிக்கொண்டன என்று
முப்பத்தொரு மாதம் எண்ணினேன்.
ஏழாம் மாடித் திருமதி குவெக்
மின்வேலைக்கு வந்தவள் என்று நினைத்து
வீட்டு மின்விசிறியையும் பார்க்கச் சொன்னார்.
பார்த்தேன். அதிலும் ஒரு வலை.
கணக்கில் சேர்க்கவில்லை.

முந்தைய ஆய்வொன்றைப் படிக்க
நாற்பத்திரண்டு வெள்ளி கேட்டார்கள்.
எழுதியவருக்கே கடிதம் போட்டேன்.
பின்லாந்திலிருந்து அன்றிரவே அனுப்பிவிட்டார்,
ஆறு வருடத்தில் கேட்ட முதல் ஆள் நீங்கள் என்று.

இங்கே ஒரு பேராசிரியர், நல்லவர்தான்,
தன் பெயரையும் சேர்த்தால் வழி சுலபம் என்றார்.
அவர் ஒரு மாடிக்கும் வந்ததில்லை.

எட்டு வாரம் கழித்து இரண்டாம் மதிப்பீட்டாளர்:
"கடைசி மாதம் எல்லா மாடியிலும் பூஜ்யம்.
விளக்கவும்."

விளக்குகிறேன், ஐயா. அல்லது அம்மா.
முறைப்படி இருக்கட்டும் என்று
நகர மன்றத்திடம் அனுமதி கேட்டேன்,
வலை இருக்கும் விளக்குகளின் பட்டியலோடு.
மூன்றே நாளில் பதில்:
தங்கள் புகாருக்கு நன்றி.
பின்னாலேயே ஒட்டடைக் கம்போடு நால்வர்.
அதில் ஷஃபிகுல் என்பவர்
என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு விளக்கு விடாமல் துடைத்தார்.
பிழையே இல்லை என்று பாராட்டவும் செய்தார்.

இதை எழுதி, அழித்து,
'தளப் பராமரிப்புக் குறுக்கீடு' என்று போட்டேன்.
அப்படித்தான் எழுத வேண்டுமாம்.

அனுப்பப் போகையில் மணி ஒன்று.
செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
நான்காம் விளக்கின் ஓரத்தில்
ஒற்றை நூல்,
இன்னும் வலை என்று சொல்ல முடியாதது.
எண்ணலாமா கூடாதா?
கேட்டுப் பார்க்க
துறையில் வேறு யாரும் இல்லை.