பாதி ஜன்னல்

நாலாவது முறையாகப் பூட்டைத் திறக்கிறார் முனிரத்தினம்.
சாவி சுலபம். கதவுதான் கேட்காது:
சற்றுத் தூக்கி, இடப்பக்கம் நெட்டி,
முழங்காலால் ஒரு தள்ளு.
"பழகிடும் சிஸ்டர்" என்கிறார்.
வார்டில் புதிதாகச் சேருகிற பெண்களிடம்
நானும் இதைத்தான் சொல்கிறேன்.

சலவன்பேட்டையில் இந்தச் சந்துக்குள்
ஆட்டோ பாதிதான் வரும்.
ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிட நடை.
இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டேன்,
ஒரு தடவை மழையில்.

கூடம். கூடத்துக்குப் பின்னால் படுக்கையறை.
அதற்குப் பின்னால் சமையல்கட்டு.
சமையல்கட்டுக்கு வேறு வழியே இல்லை.
இரவு டூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவள் நான்.
என் தூக்கத்தின் ஊடேதான்
இனிக் குழம்பு போகும், அப்பளம் போகும்,
தண்ணீர் குடிக்க மாமனார் போவார்,
கதவில் இடித்துக்கொண்டு திரும்புவார்.
குளியலறை அதற்கும் அப்பால்,
கம்பிவலை போட்ட கிணற்றைச் சுற்றி
மூன்று படி இறங்கி.
சர்க்கரையில் ஒரு விரல் போன கால் அவருடையது.
ஏழுமலை படிகளை அளக்கிறான்:
ஒன்பது அங்குலம், எட்டு, பதினொன்று.
மூன்று கொத்தனாரா,
ஒரே ஆள் மூன்று கோபத்தில் கட்டினானா.

வங்கி இன்ஜினியர் வந்துபோனார்.
மனைக்கு விலை எழுதினார்.
கட்டடம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.
அந்தக் கோட்டுக்கும் சேர்த்துத்தான்
ஓனர் விலை சொல்கிறார்.

பிறகு அந்தச் சுவர்.
அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது
நட்ட நடுவில் எழுப்பியது.
நூல் பிடித்து நேராக வந்தது
ஒரு ஜன்னலில் முட்டியிருக்கிறது.
சுவரும் விலகவில்லை, ஜன்னலும் விலகவில்லை.
ஆறு கம்பியில் மூன்று இந்தப் பக்கம்.
ஒரு கதவு இந்தப் பக்கம், அதன் கொக்கி அந்தப் பக்கம்.
கூடத்து விளக்கு இந்தப் பக்கம்,
சுவிட்ச் அந்தப் பக்கம், கரண்டு பில்லும் அவர்களுக்கே.
"எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை"
என்கிறார் முனிரத்தினம்.
இருபத்திரண்டு வருடமாக அந்த அரை நாள்
யாருக்கும் வாய்க்கவில்லை போல.

அரியூர்ப் பக்கம் புது வீடுகள் பார்த்தோம்.
ஒன்றைப் பார்த்தால் பதினாறைப் பார்த்த மாதிரி.
எல்லா அறைக்கும் தனித்தனி வழி,
எல்லா சுவிட்சும் அதனதன் இடத்தில்,
தண்ணீர் மட்டும் லாரியில்.
ஏழுமலைக்குப் பிடித்திருந்தது.
எனக்கும்தான், மறைப்பானேன்.
ராத்திரி பஸ் உண்டா என்று கேட்டேன்.
வாட்ச்மேன் சிரித்தார்.

இன்று சாயங்காலம் சண்டை கூடத்தில் நடந்தது.
வாங்கினா இடிக்கணும் என்றான்.
இடிக்கிறதுக்கு எதுக்கு வாங்கணும் என்றேன்.
அப்பா காலை நினைச்சியா என்றான்.
என் தூக்கத்தை நீ நினைச்சியா என்றேன்.
முனிரத்தினம் கிணற்றடிக்குப் போய்
வராத போனில் பேசிக்கொண்டிருந்தார்.
வெளியே மலையும் தெருவும் சூட்டைக் கக்க
இந்தத் தரை மட்டும் குளிர்ந்திருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
அதன்மேல் நின்றுதான் கத்தினேன்.

இருட்டியது தெரியவில்லை.
அளவுநாடாவின் எண் தெரியாமல்
அவன் போனைத் துழாவிய நேரம்
தலைக்குமேல் மஞ்சளாய் ஒரு குண்டு பல்பு எரிந்தது.
சுவருக்கு அப்பால் வளையல் சத்தம்.
அவள் பாதி ஜன்னலிலிருந்து சந்துக்கு இறங்கி
எங்கள் பாதிக்குள் ஏறி வந்தது குரல்:
"போறப்போ தட்டுங்க, நிறுத்திடறேன்."

எல்லாம் கேட்டிருப்பாள்.
மானம் போச்சு என்று முனகினான்.
அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன்,
சுவரில் தோள் உயரத்தில்
உள்ளங்கை அளவுக்கு
சுண்ணாம்பு தேய்ந்து வழவழவென்று ஓர் இடம்.
அவன் அதையும் அளந்தான். நாலடி இரண்டங்குலம்.
எழுதிக்கொள்ளவில்லை.

அட்வான்ஸ் கவர் இன்னும் என் பையில்.
நாளைக்கு மாமனாரைக் கூட்டிவந்து
அந்தப் படிகளில் இறங்கச் சொல்லிப் பார்க்கவேண்டும்.
பூட்டிவிட்டுச் சந்து முனைவரை வந்தபிறகு
ஞாபகம் வந்தது, தட்டவில்லை.

முனிரத்தினம் சாவியை நீட்டினார்.
தூக்கி, இடப்பக்கம் நெட்டி, முழங்காலால்.
ஏழுமலைதான் திறந்தான்.
முதல் தள்ளிலேயே.