சூடான பாதம்

மாறாமலைத் தோட்டத்திலிருந்து
ஆசாரிப்பள்ளம் வந்து சேர்ந்தபோதும்
ஏசுவடியானின் சட்டைப்பையில்
பறித்த கிராம்பு மொட்டுகள் இருந்தன.

அழுத்தம் எழுபது.
ரத்தம் எங்கோ கொட்டுகிறதென்று
வயிற்றைத் தேடினோம், நெஞ்சை, இடுப்பை.
ஸ்கேனில் ஒரு சொட்டுமில்லை.

ரத்தம் இழந்தவன் சில்லிடுவான், வேர்ப்பான்,
நாடி தலைதெறிக்க ஓடும்,
நேற்றைய களியக்காவிளை லாரிக்காரனுக்கு ஓடியதுபோல.
இவனுக்கு நாற்பத்தாறு.
ஞாயிறு மதியத்தின் சாவகாசம்.

பாதத்தைத் தொட்டேன்:
வெதுவெதுப்பு, உலர்ந்த தோல்.
"காலு சூடாத்தானே இருக்கு டாக்டரே,
பேடிக்காண்டாமில்லா?"
ரோஸம்மாள் கேட்டாள்.

அந்தச் சூடுதான் எனக்குப் பேடி.
முறிந்த கழுத்துக்குக் கீழே
சேதி இறங்கவில்லை.
சுருங்கு என்று சொல்ல ஆளில்லாமல்
குழாய்களெல்லாம் திறந்து கிடக்கின்றன.

நார்அட்ரினலின் சொட்டத் தொடங்குகிறது.
அவள் அவன் பெருவிரலைக் கிள்ளுகிறாள்,
மறுபடியும்,
இன்னும் கொஞ்சம் பலமாக.