பொய்ச் சோளம்

கோடை என்று தனியாக ஒன்று கிடையாது இந்த ஊரில்.
பள்ளி மூடும் ஜூன் மாதத்தை
அப்படி அழைத்துக்கொள்கிறோம்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு
யுவேஷ் என் அறைக்கதவைத் தட்டமாட்டான்.
வாளியைக் கூடத்தில் கொஞ்சம் சத்தமாக வைப்பான்.
அதுதான் அழைப்பு.

அவன் அப்பாவுக்கு சனியும் துவாஸில் வேலை.
அவன் அம்மா பெர்த்தில்.
நான் அந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம்.
மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
குழம்பில்தான் ஆரம்பம்.

சிலேத்தார் நீர்த்தேக்கத்து ஓரம்
நான்கு மொழியில் ஒரு பலகை.
உயிருள்ள இரை கூடாது.
தமிழை நான் வாசித்தேன், ஆங்கிலத்தை அவன்.
ரெண்டும் ஒண்ணுதானா என்றான்.
அவனாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அதனால் பிளாஸ்டிக் சோளம்.
கொண்டைக்கடலையில் பாதி, மஞ்சளாய் ஒரு பொய்.
முந்தின இரவே டப்பாவில் ஊறப்போட்டிருக்கிறான்
வெனிலாவில்,
என் கேக் வெனிலாவில்,
கேட்காமல்.

கெண்டை முட்டாள் இல்ல, என்றான்
என்னிடம் அல்ல, தண்ணீரிடம்.
வாய்ல போட்டுப் பாக்கும்.
நிஜம் இல்லன்னா துப்பிடும்.

முதல் சனி ஒன்றுமில்லை.
இரண்டாவது சனி சுமத்ரா காற்று,
மின்னல் எச்சரிக்கை அலற
கூரையடியில் ஒரே ஒரு கறிபஃப்.
முட்டை இருந்த பாதி யாருக்கு என்று
இருவரும் பேசாமல் நின்றதில்
அது ஆறிப்போனது.

மூன்றாவது சனி உடும்பு ஒன்று வந்து
எங்கள் ரொட்டிப் பையை
பையோடு இழுத்துப்போனது.
அவன் சிரித்தான்.
கடைவாயில் ஒரு பல்
இன்னும் பாதிதான் முளைத்திருந்தது.

நான்காவது சனி, பள்ளி திறக்க இரண்டு நாள்.
நான் கோப்பியை வாயில் வைத்த நேரம்
ரீல் கத்தியது.
நெட்டு! நெட்டு!
பெயர் இல்லை, முறை இல்லை,
நெட்டு மட்டும்.
முட்டி போட்டேன். சிமெண்டு விளிம்பு தோலைச் சீவியது.
முதல் முறை தவறவிட்டேன்.
அவன் திட்டினான், நல்ல தமிழில்.
இரண்டாவது முறை கைப்பிடி வளைய
கனம் உள்ளே விழுந்தது.

செம்பு நிறம். ஐம்பது காசு அகலச் செதில்.
நான்கு இழை மீசை.
ரப்பர் உதடு நீண்டு நீண்டு
எதையோ கேட்டது.
சோளம் இன்னும் உள்ளே இருந்தது.
துப்பவில்லை.

பக்கத்துத் தூண்டில்காரர் எட்டிப் பார்த்து
மீனைப் புகழ்ந்தார், பிறகு என்னைக் காட்டி
மாக்? என்றார் மலாயில்.
முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்தவன்
நிமிரவில்லை.
நெட் அவங்கதான், என்றான்.
அவரும் அது ஓர் உறவு போலத் தலையாட்டினார்.

தண்ணீரில் இறக்கியதும் அது ஓடவில்லை.
அவன் இரு கைக்கும் நடுவில் செவுள் அசைய நின்றது.
அவன் தள்ளவில்லை.
பிடிக்கவும் இல்லை.
நான் பார்க்காத ஒரு நொடியில் போயிருக்கிறது.

பேருந்தில் ஈர வலை
இருவர் காலணியிலும் சொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை கேக்குக்கு மாவு சலித்துவிட்டு
வெனிலாவை எடுத்தால்
புட்டியில் ஒரு சொட்டு இல்லை.
மூடிமேல் ஒட்டுத்தாள், பென்சிலில், தமிழில்:
வெனிளா. இரண்டு வாங்கவும்.

திருத்தவில்லை.
கடைப் பட்டியலில் அப்படியே எழுதிக்கொண்டேன்,
வெனிளா, இரண்டு.