வீட்டில் எத்தனை பேர்

ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்.
எண்பத்து நான்கு மாத்திரை.
ட்ரீமா லாக்ரிட்ஜ் அதைத் தன் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தாள்.
பதினான்காம் எண் மஞ்சள் பள்ளிப் பேருந்தை
கெண்டக்கி மலைச்சாலையில்
நாலு வருஷம் ஓட்டவேண்டும்,
சாப்பிடாமல்.

எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டிருந்தார்.
எண்பத்தொன்பதில் ஏற்றிய ரத்தமாக இருக்கலாம்.
தோளில் பச்சை குத்திய
அந்தக் கோணல் பறவையாக இருக்கலாம்.
பறவையைத்தான் அவள் சந்தேகப்பட்டாள்.

காப்பீட்டுக்காரர்களின் கடிதம் மிக மரியாதையானது.
உங்கள் கல்லீரல் இன்னும் போதிய அளவு கெடவில்லை.
தழும்பு இரண்டாம் நிலையில் இருக்கிறது.
மூன்று வந்ததும் விண்ணப்பிக்கவும்.
அப்பாவின் நுரையீரலுக்கும்
சுரங்கக் கம்பெனி ஓர் எண் கேட்டது.
காத்திருந்தார்.
வந்தது.

அடுத்தது ஓர் அறக்கட்டளை.
சென்ற ஆண்டு வருமானம்
எங்கள் வரம்புக்கு மேல்
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
அந்த இருநூற்றுப் பன்னிரண்டை அவளுக்கு நன்றாகத் தெரியும்.
பிப்ரவரியில் நான்கு சனிக்கிழமை இரவு,
கூடைப்பந்துப் பெண்களைப் பைக்வில் வரை
பனியில் ஏற்றிப்போய்க் கொண்டுவந்தது.
தோற்ற இரவில் பின் இருக்கைகளில் அழுகை.
ஜெயித்த இரவில் அதைவிடச் சத்தம்.

மேல்முறையீட்டுக்கு ஓர் இலவச எண் இருந்தது.
ஒரே பியானோ, ஐம்பது நிமிஷம்.
பிறகு யோலெட் என்று ஒருத்தி,
ஃப்ளோரிடாவில் எங்கோ உட்கார்ந்து,
குரலில் வேறொரு கடலோடு
கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.
வீட்டில் எத்தனை பேர்?
ஒன்று.

பின்னால் ஃப்ரிட்ஜ் கதவு அடித்துச் சாத்தியது.
பால் தீர்ந்துபோச்சு என்று ஒரு பையன் கத்தினான்.

யோலெட் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு: மறுபடி கேட்கிறேன் மேடம்,
எனக்கு அவசரமில்லை.
இரண்டு பேர் என்றால் வரம்பு வேறு.

ரைலன். தங்கை மகன். ஒன்பது வயது.
ஒரே வாரம், அக்கா, என்று
அக்டோபரில் கோரீன் விட்டுப்போனாள்.
இது மார்ச்.
அவன் சோபாவில் தூங்குகிறான்,
பையிலிருந்து எடுத்து உடுத்துகிறான்,
துவைத்ததும் பைக்குள்ளேயே வைக்கிறான்.
பீரோவில் ஓர் இழுப்பறையைக்கூட
ட்ரீமா ஒழித்துத் தரவில்லை.
தந்துவிட்டால்
கோரீன் வரமாட்டாள் என்று ஒரு கணக்கு.

படிவத்தின் நான்காம் பக்கம்.
நீல மையில் எழுதியிருந்த ஒன்றை அடித்தாள்.
இரண்டு என்று எழுதினாள்.
திருத்தியது யாரென்று தெரிய
பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள்.
தங்கையை அடித்ததுபோல் இருந்தது.

மருந்து ஏப்ரலில் வந்தது.
அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை.
குலுக்கினால் சத்தம் வராதபடி
டப்பாவில் பஞ்சு அடைத்திருந்தார்கள்.
கல்லீரல் எப்போதும்போல் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது
படிவத்தைத் தபாலில் போட்ட இரவைப்பற்றி.
இரண்டாவது இழுப்பறையிலிருந்த கம்பளிக் காலுறைகளை
அள்ளி வெளியே போட்டாள்.
உன்னுது, என்றாள்.
அவன் பையைக் கவிழ்த்தான்.
மூன்று சட்டை, கிழிந்த ஜீன்ஸ், ஒரு சார்ஜர்.
கடைசியில்,
சட்டைகளுக்கு அடியில் தள்ளி வைத்தான்
அம்மாவின் பழைய போனை,
திரை உடைந்தது,
சிம் இல்லாதது.

அவன் தூங்கியபின் எடுத்துப் பார்த்தாள்.
முழு சார்ஜ் இருந்தது.