பதினான்காவது கதிரை

என் கையெழுத்து வடிவானது.
அதனால்தான் கச்சேரியிலிருந்து கூட்டிப்போனார்கள்.
விருந்துக்கு வருகிறவர்களின் பெயர்களைத்
தடித்த வெள்ளைச் சீட்டுகளில் எழுத வேண்டும்,
ஆளுக்கொன்று, பொன்விளிம்பில் மை படாமல்.

சுண்டிக்குளி பங்களாவின் பின்விறாந்தையில்
மைக்கூட்டோடு இருந்தபடி
ஒரு குடும்பத்தை வாசித்தேன்.
நீதவானின் துரைசானி, லேடி ஹொனோரியா,
பிரபு ஒருவரின் மூன்றாம் மகள்.
கப்பல் தபால் வரும் நாட்களில்
சீமைக் கடிதங்களை உரத்துப் படிப்பார்,
நாய்க்குப் படிப்பதுபோல.

தாயார் ஒரே இரவில்
இரண்டு மந்திரிசபைகளுக்குச் சாப்பாடு போட்டவராம்,
கவிழ்ந்தவர்களும் வரப்போகிறவர்களும்
ஒருவரையொருவர் காணாதபடி
இரண்டு படிக்கட்டுகளால் ஏற்றி இறக்கி.
தமையன் குதிரைகளில் வைத்து இழந்தது
முதலில் காட்டை, பிறகு ஏரியை,
பிறகு அந்தப் படிக்கட்டுகளையும்.
தங்கைக்கு வாய்த்தவர் ஒரு சவர்க்கார முதலாளி.
அந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும்
நாய்க்கும் கேட்காது.

யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது
ஒரு நீண்ட மேசையும்
யாருக்குப் பிறகு யார் என்ற கணக்கும்.
பிரபுவின் மகள் முன், சேர் பட்டக்காரரின் மனைவி பின்.
மிசன் வைத்தியர்
துறைமுகத் துரைக்கு மேலா கீழா என்று
ஒரு முழுப் பகல் யோசித்தார்.
என்னைக் கேட்டபோது சிரிப்பை அடக்கமுடியவில்லை.
எங்கள் ஊரில் இந்தப் பாடத்தை
முதற்பல் முளைக்கமுதலே முடித்துவிடுவோம்.

மகன் செட்ரிக்கை ஆறு வயதில் கப்பலேற்றியவர்.
பத்தொன்பதில் வந்து இறங்கினான்,
தாயைவிட ஒரு சாண் உயரமாய்.
அவன் சீட்டை எங்கே வைப்பது என்று கேட்டேன்.
"கடைசியில். அவன் இன்னும் ஒன்றும் ஆகவில்லையே."
பிறகு சீட்டை வாங்கி
மை காய்ந்துவிட்டதா என்று
விரலால் தடவிப் பார்த்தார்.
காய்ந்து வெகுநேரம்.

சோளகம் அடித்த ஓர் ஆனி மாத மாலை.
கொழும்பு ரெயிலில் மரத்தூளுக்குள் வந்த ஐஸ்
பாதி தண்ணீராய்ப் போயிருந்தது.
ஆறரைக்கு ஒரு துண்டுக் கடிதம்: பாதிரியாருக்குக் காய்ச்சல்.
துரைசானி எண்ணினார். பதின்மூன்று பேர்.
எங்களுக்கு எதிரே வரும் வெறுங்குடம்போல
அவர்களுக்கு அந்த எண்.

"நதானியேல், உம்மிடம் கறுப்புக் கோட்டு இருக்கிறதா?"

நீதவானின் பழைய கோட்டு கிடைத்தது, கை நீளம்.
அன்றைக்கு என் பெயரை நானே எழுதினேன்.
நான் எழுதியதில் அதுதான் மோசமான சீட்டு.

எதிரே புவிராசசிங்க முதலியார்.
தலைப்பாகையும் தங்கப் பொத்தான்களுமாய் வந்து
ஒரு கதலிப்பழத்தை உரித்து வைத்துக்கொண்டு
உண்ணாமலே மூன்று மணிநேரம் பேசிவிட்டுப் போவார்.
மனுசனுக்குப் பசி மந்தம்
என்றுதான் துரைசானிக்கு நினைப்பு.
என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.
கோட்டுக்குள்ளே
என் பாட்டன் ஏறிய பனைகளைப் பார்த்தார்.
சூப்பு வரமுதல் அவருக்கு வயிற்றுக்குத்து.
வண்டில் மணி தெருமுனைவரை கேட்டது.

மேசையில் மறுபடியும் பதின்மூன்று.

என் முகத்தையும் வெறுங்கதிரையையும்
மாறி மாறிப் பார்த்தார் துரைசானி.
பிடிபட்டுவிட்டது.
இரண்டு படிக்கட்டு வீட்டில் பிறந்தவர் அல்லவா.
ஒரு கண்ணசைவு போதும், நான் போயிருப்பேன்;
பன்னிரண்டு நல்ல எண்.

"செட்ரிக்," என்றார், "இங்கே வா."
கடைசியிலிருந்து எழும்பி வந்து
முதலியாரின் கதிரையில், தாயின் பக்கத்தில்
எங்கே கையை வைப்பதென்று தெரியாமல் இருந்தான்.
பதின்மூன்று, என்று மெல்லச் சொன்னார்,
ஆட்களை எண்ணினாரோ ஆண்டுகளை எண்ணினாரோ.

அடுத்த விருந்துக்குச் சீட்டெழுத
வேறொருவரைக் கூப்பிட்டார்கள். முதலியாரும் வந்தார்.
அது பிறகு.
அன்றிரவு நான் எழும்பவில்லை.
ஆட்டிறைச்சி பஞ்சாய் வெந்திருந்தது.